வண்டி பார்க்கப் போகும் சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா,

மார்ச்சில் வேலையை விட்டதும் ஒரு மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் வண்டி, வாங்கப்போகிறேன், இனி பனிக்காலத்தில் நியூ ஜெர்சியில் இருக்கப்போவதில்லை என்று சொன்னீர்கள். எந்த வண்டி நல்லது என்றும் கேட்டீர்கள். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வண்டியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

போன ஜனவரியில் நாங்கள் மூன்று வாரம் டெக்சாஸின் தெற்குக் கோடியில், மிஷன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஆர்வி பார்க்கில் இருந்தோம். ஆர்வி என்றால் இப்படிப்பட்ட வீட்டு வண்டி, அவற்றை நிறுத்தித் தங்கும் இடம்தான் ஆர்வி பார்க். மினசோட்டா, அயோவா, கனடா என்று வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வருகிறவர்களை அங்கே 'விண்டர் டெக்சன்ஸ்' என்பார்கள். 55 வயதானவர்களுக்கான பார்க் அது. ஆனால் 1995-இல் வந்த சட்டப்படி, ஆள் இருக்கும் வீடுகளில் நூற்றுக்கு எண்பதில் 55 வயதான ஒருவராவது இருந்தால் போதும். மீதியை அங்கே எல்லா வயதினருக்கும் விடுகிறார்கள். அப்படித்தான் கடைசி வரிசையில் எங்களுக்கு இடம் கிடைத்தது.

பக்கத்தில் 86 வயதுப் பெரியவர் ஒருவர், அயோவாவில் விவசாயம் பார்த்தவர். மனைவியோடு இருபத்திரண்டு குளிர்காலம் வந்து போயிருக்கிறார். இப்போது வருஷம் முழுக்க இங்கேதான். ஒரு நாள் அவர் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து, டயரில் இருந்த நான்கு எண்களைத் துடைத்துக் காட்டினார்: 2316. அதாவது 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்த டயர். பட்டன் (சாலையில் படும் வரிப்பகுதி) தேயவே இல்லை, ஆனால் பக்கச்சுவர் வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. "அவள் போன பிறகு சாவியைத் தொடவில்லை" என்றார்.

அந்தத் தலைமுறை பார்க்குக்கு நவம்பரில் வந்தால் மார்ச்சில்தான் கிளம்பும். கையில் பென்ஷனும் நேரமும் இருந்தது. பொதுக்கூடத்தின் அலமாரிகளை அவர்களே அடித்தார்கள், நூலகம் வைத்தார்கள், சனிக்கிழமை பான்கேக் சுட்டார்கள். இன்று வருகிற நாங்கள் அப்படி இல்லை. அமெரிக்காவில் ஆர்வி வைத்திருப்பவர்களின் இடைநிலை வயது 2021-இல் 53, 2025-இல் 49. 2022-இல் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் ஆர்விக்கும் வந்துவிட்டதால், வேலையையும் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறோம். காலை எட்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் பக்கத்து வண்டியில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. முதல் வாரம் நான் பொதுக்கூடத்துப் பக்கமே போகவில்லை. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது வாரம் போனபோது சுவரில் பான்கேக் முறைப்பட்டியல் ஒட்டியிருந்தது. பன்னிரண்டு சனிக்கிழமைக்கும் அதே நான்கு பெயர்கள்தான் மாறி மாறி வந்தன. ஒருவருக்குக் கை நடுக்கம், மாவை ஊற்றும்போது இன்னொருவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். வெளியே, தரையில் வட்டுகளைத் தள்ளி ஆடும் பழைய ஷஃபிள்போர்டு தளங்களில் பாதியைப் பிக்கிள்பால் ஆட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அது எனக்குத் தப்பாகப் படவில்லை, ஆட ஆள் வருகிறதே. ஆனால் அடுப்பைப் பற்றவைக்க ஆள் வரவில்லை.

ஓட்ட முடியாமல் போனால் என்ன செய்வது என்று சித்தி கேட்டாராம். நியாயமான கேள்வி. 1978-இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற ஆர்வி சங்கம் இதை எப்போதோ யோசித்துவிட்டது. டெக்சாஸில் லிவிங்ஸ்டனில், வயதான உறுப்பினர்கள் தங்கள் வண்டியிலேயே இருந்துகொண்டு சாப்பாடும் டாக்டரிடம் போய்வர உதவியும் பெறுகிற மாதிரி ஓர் இடம் கட்டியிருக்கிறார்கள். உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் செய்துகொண்ட ஏற்பாடு.

அதனால் சித்தப்பா, ஊர் ஊராகச் சுற்றுவது அப்புறம் இருக்கட்டும். முதல் குளிர்காலத்தை முழுசாக ஒரே பார்க்கில் இருந்து பாருங்கள். 62 வயதில் அந்தக் கூடத்தில் நீங்கள்தான் சின்னப் பையன். தமிழ்ச் சங்கப் பொங்கலுக்கு முந்நூறு பேருக்குச் சாம்பார் வைத்தவர் நீங்கள். அந்தப் பட்டியலில் ஐந்தாவது பெயராக உங்கள் பெயரை எழுதுங்கள். எனக்கு வேலையும் பிள்ளையின் பள்ளிக்கூடமும் இருக்கின்றன, மூன்று வாரத்துக்கு மேல் முடியாது. உங்களுக்கு முடியும்.

சரி, வண்டி. சனிக்கிழமை பார்க்கப் போகும்போது எஞ்சினுக்கு முன்னால் டயரைக் குனிந்து பாருங்கள். நான்கு எண்களில் கடைசி இரண்டுதான் வருஷம். ஏழு வருஷம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள், புது டயருக்கான காசை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்