சம்பளம் வாங்காத தீயணைப்புப் படை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். குளிர் இன்னும் விடவில்லை, வேலை வழக்கம்போல் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பாதி ராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு பறந்தார் என்று போன தடவை சொன்னேனே, விஷயம் இப்போதுதான் தெரிந்தது. பகலில் அவர் தச்சர். பேஜர் அலறினால் தீயணைப்பு வீரர், அதுவும் சம்பளம் இல்லாமல். ஜெர்மனி முழுக்க இப்படிச் சுமார் 10 லட்சம் பேர் இருக்கிறார்கள்! சம்பளப் படை பெரிய நகரங்களில்தான். மற்ற ஊர்களில் அவசர எண் 112-ஐ அழைத்தால் வந்து நிற்பது இவர்களே. வேலை நேரத்தில் ஓடினாலும் முதலாளி சம்பளத்தைப் பிடிக்க முடியாது, சட்டமே அப்படி.

நான் இருக்கும் டுர்லாக் இப்போது கார்ல்ஸ்ரூ நகரத்தின் ஒரு பகுதி, அந்தக் காலத்தில் தனி ஊர். இங்கே இந்தப் படை தொடங்கியது 1846-இல். அதற்கு முன்னால் தீப்பிடித்தால் ஊரே வாளியோடு ஓடிவரும், ஆளாளுக்குக் கத்துவார்கள், யார் சொல்வதை யார் கேட்பது? ஊரின் கட்டடப் பொறுப்பாளர் கிறிஸ்டியான் ஹெங்ஸ்ட் என்பவர் ஆட்களைத் திரட்டி, கார்ல் மெட்ஸ் தயாரித்த கைப்பம்பை வைத்து, யார் எங்கே நிற்க வேண்டும், யார் ஏணியைப் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துப் பயிற்சி தந்தார். என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் அந்தப் பயிற்சிதான். உதவும் மனசு முன்பும் எல்லோருக்கும் இருந்ததே.

அடுத்த வருடமே சோதனை வந்துவிட்டது. 1847 பிப்ரவரி 28 அன்று கார்ல்ஸ்ரூ அரண்மனை நாடக அரங்கில் தீ. உள்ளே நிறைய மரவேலை, நிறைய ஜனம், அறுபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். டுர்லாக் ஆட்கள் பம்போடு போய்ச் சேர்ந்து, தீ அக்கம்பக்கத்துக்குப் பரவாமல் தடுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் கார்ல்ஸ்ரூவும் அதே வருடம் தனக்கென்று ஒரு படை அமைத்தது, அப்புறம் மற்ற ஊர்களும்.

இந்த வரலாற்றில் மனசைப் பிசையும் பக்கமும் உண்டு. 1938 நவம்பரில் நாஜிகள் யூதக் கோயில்களைக் கொளுத்தியபோது, நாட்டின் பல ஊர்களில் தீயணைப்புப் படை பக்கத்து வீடுகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு நின்றது. அதே மாதம் சட்டம் போட்டு இவர்களைக் காவல்துறைக்குக் கீழே கொண்டுபோனார்கள். தீயை அணைக்கவென்று சேர்ந்தவர்கள் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதை என்னால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் நிலையத்தைக் காட்டக் கூட்டிப்போனார். சுவர் ஓரமாக வரிசையாக உடுப்புகள், மேலே பெயர் எழுதிய ஹெல்மெட்டுகள். கீழே பூட்ஸ், அதன் மேலேயே கால்சட்டையைச் சுருட்டி இறக்கி வைத்திருக்கிறார்கள். காலை உள்ளே விட்டு அப்படியே மேலே இழுத்தால் போதும், இரண்டும் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். ஒருவர் குழாயை உருட்டி, அவிழ்த்து, மறுபடி உருட்டிக்கொண்டே இருந்தார். வயது அறுபதை ஒட்டி இருக்கும்.

நீங்களும் சேரலாமே என்றார்கள். அடிப்படைப் பயிற்சியே சுமார் 70 மணி நேரம், அதற்கு மருத்துவப் பரிசோதனை வேறு. சரி என்று சொல்லிவிட்டேன். முழுப் பயிற்சி முடியாமல் யாரையும் புகைக்குள் அனுப்ப மாட்டார்கள், இதை அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்