ஆறாம் பாட்டு

காசிமேடு

அன்புள்ள கண்ணு,

போன வாரம் போனில், "புனே வந்ததிலிருந்து தூக்கமே வரலம்மா" என்றாய். ரூமில் மற்றவர்கள் அசந்து தூங்க, நீ மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாயாம். எனக்கு மனசே ஆறவில்லை. அதனால்தான் குறுந்தொகையை அனுப்புகிறேன். "பழைய பாட்டெல்லாம் இப்ப எதுக்கு?" என்று கேட்பாய். சொல்கிறேன்.

நீ அப்போது கைக்குழந்தை. ஐப்பசி மழை. நாலு நாள் தங்கலுக்கு என்று லாஞ்சில் போன உன் நைனா ஆறாம் நாள் ராத்திரியும் கரைக்கு வரவில்லை. செல்போன் ஏது அப்போது? கரண்ட்டும் இல்லை. ஐஸ் பேக்டரி மோட்டார்கூட நின்றுபோயிருந்தது. ஆயா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளை கடலில் இருக்கும்போது எப்படித் தூக்கம் வருகிறது என்று எனக்கு அவ்வளவு கோபம். மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு இந்தப் புத்தகத்தைப் பிரித்தேன்.

401 பாட்டில் ஆறாவது. பதுமனார் பாடியது. நெய்தல், அதாவது நம் கடற்கரைத் திணை. நாலே வரி. "நள்ளென்றன்றே யாமம்" என்று தொடங்கும், நடுராத்திரி 'நள்' என்று ஒலிக்கிறது என்று பொருள். மோட்டார் ஓயாமல் ஓடும் நம் தெருவில் அந்த 'நள்' என்ற சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். பேச்சு அடங்கி ஊரே தூங்குகிறது, நான் ஒருத்திதான் தூங்கவில்லை என்கிறாள் அந்தப் பெண். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தி ஒருத்தி என்னைப்போலவே உட்கார்ந்திருந்தாள். எனக்குத் துணைக்கு ஆள் வந்த மாதிரி இருந்தது.

அப்புறம் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். ஜனங்கள் "இனிது அடங்கினரே" என்கிறாள். தான் தவிக்கிற நேரத்திலும் தூங்குகிறவர்களை அவள் ஏசவில்லை, இனிதாக என்றுதான் சொல்கிறாள். எழுந்துபோய் ஆயாவுக்குப் போர்வையை இழுத்துவிட்டேன். விடியற்காலையில் நைனா நனைந்த சட்டையோடு வாசலில் நின்றார்.

கண்ணு, ஒரே மூச்சில் படித்து முடிக்க வேண்டாம். தூக்கம் வராத ராத்திரியில் ஒரு பாட்டு போதும். பொருள் புரியாவிட்டால் போன் போடு, எந்த நேரமானாலும் எடுப்பேன்.

தாத்தா மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது இது. 1985-ல் அந்த மார்க்கெட்டே எரிந்துபோனது, பத்திரமாக வைத்துக்கொள். நெத்திலிக் கருவாட்டு வாசம் ஏறாமல் இருக்கத் தனிக் கவரில் சுற்றியிருக்கிறேன். ஆறாம் பாட்டின் ஓரத்தில் மெழுகு சொட்டின கறை இருக்கும். சுரண்டிவிடாதே.

அன்புடன்,
அம்மா