ஒரே வாசல், இரண்டு வீடு

பிராக்,
செப்டம்பர் கடைசி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். பாகப்பிரிவினைக்கு நாள் குறித்தாயிற்று, இரண்டு பையன்களுக்கும் எழுதிக் கொடுத்தபின் எனக்கென்று எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். மூன்று தடவை பேனாவை எடுத்தேன், ஓடவில்லை. போன சனிக்கிழமை இங்கே ஒரு கிராமத்துக்குப் போய் வந்தேன். அதைச் சொல்லிவிட்டு உன் விஷயத்துக்கு வருகிறேன். சுற்றிவளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

மகன் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. மருமகள்தான் ரயிலைப் பார்த்து ஏற்றிவிட்டாள். தெற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம், செஸ்கே புடேயோவிட்சே என்ற ஊர். பட்வைசர் பீர் என்று கேள்விப்பட்டிருப்பாயே, அந்தப் பெயர் இந்த ஊரின் ஜெர்மன் பெயரிலிருந்து போனது. அங்கிருந்து மேற்கே பஸ்ஸில் பதினைந்து கிலோமீட்டர் போல. தரை நம் டெல்டா மாதிரி தட்டை. கண்ணுக்கெட்டிய வரை குளம். எல்லாம் வெட்டிய குளம்தான், கெண்டை வளர்ப்பதற்காக. இங்கே கிறிஸ்துமஸ் விருந்தே கெண்டை மீன் வறுவல் என்றால் பார்த்துக்கொள். தெற்கில் மட்டும் காட்டு மலை ஒன்று எழும்பி நிற்கிறது. க்லெட் என்று பெயர், 1,084 மீட்டர். வானம் தெளிவாக இருந்தால் அதன் உச்சியிலிருந்து ஆல்ப்ஸ் தெரியுமாம். நான் ஏறவில்லை, கேட்டுக்கொண்டதோடு சரி.

கிராமத்தின் பெயர் ஹோலஷோவிட்சே. ஜனத்தொகை சுமார் 140. நம் ஊரில் ஒரு தெருவுக்கே இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களில் 'ஓவிட்சே' என்று முடிந்தால் இன்னாருடைய ஆட்கள் என்று பொருள். புடிவோயின் ஆட்கள் புடேயோவிட்சே, ஹோலஷின் ஆட்கள் ஹோலஷோவிட்சே. அந்த ஹோலஷின் ஆட்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் கதையே.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பார்த்ததும் என் கை நிலம் அளக்கிற சங்கிலியைத் தேடியது. நடுவில் நீள்சதுரமாகப் புல்வெளி, 210 மீட்டருக்கு 70 மீட்டர், மூன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. அதற்குள் ஒரு குளம், பழைய கொல்லன் பட்டறை, 1755இல் கட்டிய சின்னக் கோயில். கோயில் நெபோமுக் யோவானுக்கு. 1393இல் பிராக் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்டவர், அதனால் வெள்ளத்திலிருந்து காக்கிற சாமி. புல்வெளியைச் சுற்றி 23 பண்ணைகள், மொத்தம் 120 கட்டடங்கள். எல்லா வீடும் முகத்தைப் புல்வெளிப் பக்கம் காட்டி நிற்கிறது. வீட்டுக்குப் பின்னால் முற்றம், தொழுவம், களஞ்சியம், தோட்டம், அதற்கப்பால் அவரவர் வயல். 13ஆம் நூற்றாண்டில் யாரோ கயிறு பிடித்துப் பிரித்த மனைக்கோடு இன்னும் அப்படியே கிடக்கிறது. நாம் ஊன்றிய எல்லைக் கல்லில் எத்தனை பத்து வருஷம் தாங்கியது, சொல்.

ஆவணத்தில் ஊர் முதலில் வருவது 1263இல். 1292இல் அரசர் இரண்டாம் வென்செஸ்லாஸ் இதைத் தெற்கே வீஷ்ஷி ப்ரோட்டில் இருக்கிற சிஸ்டர்சியர் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்துக்குக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து 1848 வரை மடத்துச் சொத்து. ஐந்நூற்றைம்பது வருஷம்!

நடுவில் 1520க்கும் 1525க்கும் இடையில் கொள்ளைநோய் வந்தது. ஊரில் மிஞ்சியது இரண்டே பேர். இருபது பேர் இல்லை மாப்ளே, இரண்டு. ஊரின் வடமேற்கில், மொத்தமாகப் புதைத்த இடத்தில் ஒரு தூண் நிற்கிறது. மடத்துக்காரர்களுக்குக் குத்தகை வர வேண்டாமா? பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1530 கணக்கில் 17 பேர். வந்தவர்களில் ஜெர்மன் பேசுகிறவர்களே அதிகம். கோடு செக்காரன் போட்டது, குடியிருந்தது ஜெர்மன்காரன். 1895இல் எண்ணியபோது 157 ஜெர்மானியர், 19 செக்கர்.

ஊர் மடத்தின் கையில் இருந்த காலத்து வரைபடம் ஒன்றை மகன் கணினியில் எடுத்துக் காட்டினான். ஆஸ்திரியப் பேரரசர் 1817இல் போட்ட உத்தரவு. நிலவரிக்காகப் பேரரசு முழுவதையும் அளந்திருக்கிறார்கள். இந்த ஊர் இருக்கிற பொஹீமியப் பகுதியில் அது 1826இலிருந்து 1843 வரை நடந்திருக்கிறது. மரக் கட்டடத்துக்கு மஞ்சள், கல், செங்கல் கட்டடத்துக்குச் சிவப்பு. அளவுகோல் 1:2880. இதென்ன ஒழுங்கில்லாத எண் என்று எனக்கு ஒரே குடைச்சல். ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். தாளில் ஓர் அங்குலம், தரையில் 40 வியன்னா பாகம். பாகம் என்பது அவர்களுடைய நீள அளவு. ஒரு பாகத்துக்கு 72 அங்குலம், நாற்பதால் பெருக்கினால் 2880. அப்படியானால் தாளில் ஒரு சதுர அங்குலம் என்பது தரையில் 1,600 சதுர பாகம். அது சரியாக ஒரு 'யித்ரோ', நம் கணக்கில் ஒரு ஏக்கர் நாற்பத்திரண்டு சென்ட். யித்ரோ என்றால் செக் மொழியில் காலை. ஒரு ஜோடி மாட்டை வைத்து ஒரு பொழுதில் உழுகிற நிலம். உழவன் கால் நடந்த தூரத்தைக் கொண்டுவந்து அங்குலக் கட்டையில் உட்கார வைத்திருக்கிறான் பார். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

1848இல் மடத்துக்கு உழைக்கிற கட்டாயம் ஒழிந்தது. கையில் நாலு காசு சேர்ந்ததும் குடியானவன் என்ன செய்வான்? வீட்டு முகப்பைத்தான் எடுத்துக் கட்டுவான். வளைந்து நெளிந்த கூம்பு முகப்பு, அதில் சுதை வேலை, கொடி, பூ, கட்டிய வருஷம். வெள்ளை, இளமஞ்சள், ரோஜா, வெளிர்நீலம் என்று சுண்ணாம்புப் பூச்சு. பெரிய அரண்மனைகளின் பரோக் பாணியை ஊர்க் கொத்தனார் தனக்குத் தெரிந்த அளவில் பண்ணியது. இதை 'குடியானவர் பரோக்' என்கிறார்கள். அரண்மனைகளில் அந்தப் பாணி போய் நூறு வருஷம் கழித்து இங்கே வந்திருக்கிறது. சில இடத்தில் வளைவு இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். ஜெர்மனி இந்த நாட்டை விழுங்கியதும் இங்கே செய்ததும் உனக்குத் தெரியும். போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாகியா ஜெர்மன் பேசுகிறவர்களை வெளியேற்றியது. நாடு முழுக்க சுமார் 30 லட்சம் பேர். ஆளுக்கு 30லிருந்து 50 கிலோ வரை மூட்டை. ஹோலஷோவிட்சே மறுபடியும் காலியானது. நானூறு வருஷம் இருந்தவன் நம்மூர்க்காரனா, வந்தேறியா? கேட்கிற நேரத்தைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. குற்றம் செய்தவன், சும்மா இருந்தவன், பால் குடிக்கிற குழந்தை என்று பிரித்துப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. என்னால் அதை நியாயம் என்று எழுத முடியவில்லை, அதற்கு முன் நடந்ததையும் மறந்துவிட முடியவில்லை.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் பல வீடு பூட்டிக் கிடந்து பாழானது. அதுவே ஊரைக் காப்பாற்றியது என்பேன். வசதியாக இருந்த மற்ற கிராமங்களில் அந்தக் காலத்தில் பழைய சன்னலைப் பெயர்த்து அகலச் சன்னல் வைத்தார்கள், சுதையைக் கொத்திவிட்டுச் சாம்பல் நிறச் சிமென்ட் பூச்சு பூசினார்கள். பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் பார்த்தேன். இங்கே செலவு பண்ண ஆளில்லை. 1990க்கு மேல் பழுது பார்த்துக் குடியேறினார்கள், 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இப்போது பஸ் பஸ்ஸாக வந்து படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன்.

திரும்புகிற பஸ்ஸை விட்டுவிட்டேன். கால அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் குறுக்காக இரண்டு சுத்தியல் போட்டிருந்தது. ஏதோ பணிமனைக்குப் போகிற பஸ் என்று நினைத்தேன். வேலை நாளில் மட்டும் ஓடும் என்று அர்த்தமாம். சனிக்கிழமைக்கு வட்டத்துக்குள் 6 போட்டிருக்க வேண்டும். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டரை மணி நேரம். பூண்டு சூப் ஒன்று குடித்துவிட்டுப் புல்வெளியை நடந்தே அளந்தேன். நீளத்தில் 283 தப்படி வந்தது. என் தப்படி குறுகிவிட்டது மாப்ளே, முன்பெல்லாம் அதே தூரத்துக்கு 260தான் வரும்.

அளந்துகொண்டே வந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. நிறைய பண்ணைகளில் முகப்பு இரண்டாக இருக்கிறது. நடுவில் வண்டி போகிற வளைவு வாசல், அதன் பக்கத்தில் ஆள் போகிற சின்னக் கதவு. வாசலுக்கு இந்தப் பக்கம் பெரிய வீடு, அந்தப் பக்கம் அதே ஜாடையில் கொஞ்சம் சின்ன வீடு. ஒரு பண்ணையைச் சிறிய காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். சின்னது சில இடத்தில் தானியக் கிடங்கு, சில இடத்தில் 'வீமெனெக்' என்றாள்.

இனிமேல்தான் உன் விஷயம். பண்ணையை மகனுக்கு எழுதிக் கொடுத்ததும் அப்பாவும் அம்மாவும் பெரிய வீட்டைக் காலி பண்ணிவிட்டு வீமெனெக்குக்குப் போவார்கள். தனி அடுப்பு, தனிக் கதவு, வாசல் மட்டும் ஒன்று. வருஷத்துக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு பால், எத்தனை முட்டை, எவ்வளவு விறகு என்று ஒவ்வொன்றாக ஒப்பந்தத்தில் எழுதிப் பதிவு செய்துவிடுவார்கள். பெற்ற பிள்ளையிடம் முட்டைக்குக் கணக்கா என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பெண் சிரிக்கவில்லை. அப்புறம் புல்வெளியில் உட்கார்ந்து யோசித்தேன். எழுதி வைத்ததால் கிழவன் தினமும் கேட்க வேண்டியதில்லை, மகனும் கொடுத்தேன் என்று சொல்லிக்காட்ட முடியாது. எட்டாவது மாடியில் மகன் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறேன். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் காலையில் காபி போடலாமா, அவர்கள் எழுந்திருக்கட்டுமா என்று ஆறு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து யோசிப்பவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

செட்டில்மென்ட் பத்திரத்தில் ஆயுட்கால அனுபவ உரிமை என்று ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிடாதே. கிழக்குப் பார்த்த அறை, பின்கட்டுக் கதவு, கிணற்றடி, மாட்டுக்கொட்டகைப் பக்கத்து மாமரம் என்று பிரித்து எழுதச் சொல். எழுத்தர் சிரித்தால் சிரிக்கட்டும். வடமேற்கு மூலைக் கல்லையும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடு, போன வருஷமே டிராக்டர் இடித்துச் சாய்ந்திருந்தது.

தை பிறந்ததும் வருகிறேன். அளப்பதற்கு நான் வரும்வரை பொறுக்க முடியுமென்றால் பொறு. டேப் ஒன்று வாங்கி வை, சங்கிலி இழுக்க நம் இரண்டு பேருக்கும் இப்போது முடியாது.

இப்படிக்கு,
சங்கிலி