சைக்காலஜி கிளாஸ்ல பரிணாமத்த ஒழுங்கா நடத்துங்க: எங்க காலேஜுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரின்சிபால் சார், சைக்காலஜி எச்ஓடி மேடம், வணக்கம்.

அன்னிக்கு கெஸ்ட் லெக்சர்ல நடந்தது உங்களுக்கே தெரியும். "ஆம்பள வேட்டைக்குப் போனான், பொம்பள குகைல புள்ள வளத்தா, அதான் பொண்ணுங்க மூளை இன்னிக்கும் வீட்டுக்குன்னே இருக்கு, இது பரிணாமம்"னு பேச வந்தவர் சொன்னப்போ ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒண்ணு எழுந்து, "எங்கம்மா விடியறதுக்குள்ள காசிமேட்டுக்கு மீன் ஏலம் எடுக்கப் போயிடும் சார், என்ன வளத்தது எங்க ஆயா"ன்னு சொல்லிச்சு. "அது விதிவிலக்கு, உக்காரும்மா"ன்னுட்டாரு. ஸ்டாஃப் ஒருத்தர்கூட வாயத் தொறக்கல, அந்தப் பொண்ணு நோட்ட மூடி வச்சிடுச்சு. பழைய ஸ்டூடன்ட்டா பின்னாடி உக்காந்திருந்த எனக்கு இன்னும் ஆறல.

விதிவிலக்கு இல்ல சார். ஆப்பிரிக்காவுல டான்சானியால இன்னும் வேட்டையாடியும் காட்டுல கிடைக்கிறத சேகரிச்சும் வாழற ஹட்ஸா மக்கள்கிட்ட கிறிஸ்டன் ஹாக்ஸ்ங்கற மானிடவியல் ஆராய்ச்சியாளர் பண்ண ஆராய்ச்சில, வயசான பொம்பளைங்க கிழங்கு தோண்டிக் கொண்டாந்து பேரப்புள்ளைங்கள ஊட்டி வளக்குறத பாத்துட்டு, மாதவிலக்கு நின்னப்புறமும் பொம்பளைங்க இவ்ளோ வருஷம் வாழறதுக்கே இதுதான் காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. ராஜஸ்தான் மவுண்ட் அபுல லங்கூர் குரங்குங்கள ஆராஞ்ச சாரா ஹர்டிங்கற இன்னொரு மானிடவியல் ஆராய்ச்சியாளர் இன்னும் மேல போயி, மனுஷக் குழந்தைய அம்மா தனியா வளக்கல, பல கை சேந்துதான் வளத்துச்சு, அடுத்தவங்க மனச படிக்கிற திறமை நமக்கு வந்ததே அதனாலதான்னு 2009ல வாதம் வச்சாங்க. அந்தக் காசிமேட்டு வீட்டுக் கதைதான் இந்த சப்ஜெக்டோட நடு இடமே, அதத்தான் உக்கார வச்சீங்க.

நான் கேக்குறது ஒண்ணுதான், பரிணாமத்த சைக்காலஜில ஒழுங்கா நடத்துங்க.

சூசன் மினெகாங்கற சைக்காலஜிஸ்ட் 1980கள்ல பண்ண குரங்கு ஆராய்ச்சிய சொல்லிக் குடுங்க. லேப்ல வளந்த குரங்குக்கு பாம்புன்னா பயமே கிடையாது, இன்னொரு குரங்கு பாம்ப பாத்து பயப்படுற வீடியோவ பாத்தா சட்டுனு பயம் வந்துடும், அதே வீடியோவுல பாம்புக்கு பதிலா பூவ வச்சா வராது. எத சீக்கிரம் கத்துக்கணும்ங்கற சாய்வு பிறவிலயே இருக்கு, ஆனா கத்துக்காம பயம் வரல. இத புரிஞ்சவங்க யாரும் "மூளை இப்படித்தான் செட்டாயிருக்கு"ன்னு ஒரே போடா போட மாட்டாங்க.

2023ல சென்ட்ரல் பாடப்புத்தகம் போடுற என்சிஇஆர்டி, பத்தாவது புக்குலேர்ந்து பரிணாமத்த தூக்கினாங்கன்னு விஞ்ஞானிங்க எல்லாம் எதிர்த்தாங்க. நம்ம ஸ்டேட் போர்டு பத்தாவதுலயே அது இருக்கு. பத்தாவதுல படிச்ச புள்ளைக்கு காலேஜ்ல அரைகுறையா சொல்லிக் குடுத்தா என்ன நியாயம்? வடசென்னைப் புள்ளைங்களுக்கு இது போதும்னு நெனச்சீங்களா?

கோவத்துல ஏதாவது கூடிப் போயிருந்தா மன்னிச்சுக்கங்க. அடுத்த செமஸ்டர் டைம்டேபிள் போடும்போதே ஜுவாலஜி டிபார்ட்மென்ட்ல ஒருத்தர சேத்துக்கிட்டு பரிணாமத்துக்குன்னு ஒரு யூனிட் வைங்க, கேள்வி கேக்குற புள்ளைங்கள உக்காரச் சொல்லாதீங்க. தயவு செஞ்சு பதில் போடுங்க.

இப்படிக்கு,
பழைய மாணவி, ராயபுரம்