உயிலிலிருந்து தொடங்காதீர்கள்

சிங்கப்பூர்ச் சமூக மன்றங்களில் தமிழில் சட்ட விளக்கக் கூட்டம் நடத்தும் வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து, காசு வாங்காமல் வந்து பேசுகிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும்: கூட்டத்தை உயிலிலிருந்து தொடங்காதீர்கள்.

உயில் என்றால் என்ன, சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும், உயிலால் பயன்பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது என்று பேச்சு ஒழுங்காகத்தான் போகிறது. கேட்பவரோ, எல்லாவற்றையும் உயிலில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். நம்மில் பலருக்குச் சொத்து என்று இருப்பதே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடும் மத்திய சேமநிதிப் பணமும்தான். சேமநிதிப் பணத்தை உயில் தொடவே தொடாது. கணவனும் மனைவியும் ஜாயின்ட் டெனன்சி முறையில் வாங்கிய வீட்டையும் தொடாது. ஒருவர் போனால் முழு வீடும் மற்றவருக்கே சேரும்.

இதையெல்லாம் வரையறையாக வாசித்தால் யாருக்கும் ஏறாது. ஒரு கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, “அதெல்லாம் சரி தம்பி, நான் கண்ணை மூடினா என் பாதி யாருக்கு?” என்று கேட்டார். பேசியவர் திரையில் இருந்ததையே மறுபடி வாசித்தார். ஜாயின்ட் டெனன்சியில் ‘என் பாதி’ என்று தனியாக ஒன்று கிடையாது. ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று பிரித்து வாங்கும் டெனன்சி இன் காமனில் உண்டு, அதை உயிலில் எழுதலாம். இதைச் சொல்லியிருந்தாலே அந்த அம்மா உட்கார்ந்திருப்பார்.

நாமினேஷனுக்கு, அதாவது சேமநிதிப் பணம் யாருக்குப் போகவேண்டும் என்று பதிந்து வைப்பதற்கு, இன்னும் நிறைய நேரம் ஒதுக்குங்கள். அதைச் செய்யாமல் ஒருவர் இறந்தால், சேமநிதிப் பணம் பப்ளிக் டிரஸ்டி என்ற அரசு அலுவலகத்திடம் போய்ச் சட்டப்படி பிரிக்கப்படும்: மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்த மகனாகவே இருக்கட்டும், மனைவி மக்கள் இருந்தால் அந்த அம்மாவுக்கு ஒரு வெள்ளிகூடப் போகாது. அப்புறம், கல்யாணம் ஆனால் முன்பு செய்த நாமினேஷன் ரத்தாகிவிடும்; பொதுவாக உயிலும் அப்படியே. விவாகரத்து ஆனாலோ இரண்டும் ரத்தாவதில்லை! முன்னாள் மனைவியின் பெயர் அப்படியே கிடக்கும்.

கூட்டத்தில் தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் இருப்பார்கள். மேலே சொன்ன பாதிப் பாதிக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. உயிலில் எழுதக்கூடியதும் மூன்றில் ஒரு பங்குதான். மற்றது இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும், ஷரியா நீதிமன்றத்தின் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிவிடாதீர்கள்.

எல்பிஏ என்கிற நீடித்த அதிகாரப் பத்திரம் (Lasting Power of Attorney) பற்றிப் பேசும்போது ‘டோனீ’ என்றதும் பின்வரிசையில் சிரிப்பு வருகிறது. கிரிக்கெட் ரசிகர்களைக் குறை சொல்ல முடியாது. நினைவு மங்கி நம்மால் முடிவெடுக்க முடியாமல் போனால், நமக்காக முடிவெடுக்க நாமே முன்கூட்டி நியமித்து வைக்கும் ஆள் என்று சொல்லுங்கள். நாம் இறந்த அன்றே அவருடைய அதிகாரம் முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வங்கியில் அந்தப் பத்திரத்தைக் காட்டிப் பணம் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஜாமீனுக்கு ஒரு நிமிடம் போதும்: ஒருவருக்காகக் கையெழுத்துப் போட்டால், அந்த ஆள் நீதிமன்றத்துக்கு வராமல் போகும்போது உங்கள் பணம் பறிபோகலாம்.

அடுத்த கூட்டத்தில் திரையைப் போடும் முன்பு வந்தவர்களிடம் சில கேள்விகள் கேளுங்கள். வீட்டை எந்த முறையில் வாங்கினீர்கள்? நாமினேஷன் செய்தாயிற்றா? அதற்குப் பிறகு கல்யாணமோ விவாகரத்தோ நடந்ததா? அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் வழியாகச் சேமநிதிக் கணக்கில் நுழைந்து நாமினேஷனை அங்கேயே பார்த்துவிடலாம். பெரியவர்களுக்குக் கைப்பேசியில் உதவ இரண்டு தொண்டூழியர்களை மட்டும் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டங்களுக்குத் தவறாமல் வரும் ஒருவர்