பேஸ்ட் தடவச் சொல்லி எழுதிட்டீங்களே ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டுக்குறிப்பு பகுதி நடுவுல ஒரு வரி போட்டிருந்தீங்க, "சூடு பட்ட இடத்தில் உடனே பற்பசை தடவினால் கொப்புளம் வராது"ன்னு. மேல புளி கெடாம இருக்க ஒரு குறிப்பு, கீழ எறும்பு வராம இருக்க ஒரு குறிப்பு, நடுவுல இது. படிச்சதுலேர்ந்து மனசே ஆறல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் பேத்திக்கு 6 வயசு, நான் கஞ்சி வடிச்சிட்டு இருக்கும்போது பின்னாடி ஓடிவந்து இடிச்சிடுச்சி, கொதிக்கிற கஞ்சி புள்ள கால்ல கொட்டிடுச்சி. கத்துன கத்துல பக்கத்து வீட்டம்மா பேஸ்ட் எடுத்துட்டு ஓடியாந்தாங்க, நானும் சேர்ந்துதான் ஒரு டியூப் முழுக்க பிதுக்கி அப்பினேன். கொலுசக் கழட்டணும்னு ஒருத்தருக்கும் தோணல. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள கால் வீங்கி கொலுசு சதைக்குள்ள போய்டுச்சி, நர்ஸம்மா அத வெட்டி எடுத்தாங்க. அப்புறம் காய்ஞ்சி ஒட்டிகிட்ட பேஸ்ட்ட ஈரத்துணி வெச்சி ஊறவெச்சி கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாங்க பாருங்க, கஞ்சி கொட்டுனப்ப கத்துனத விட அப்பதான் புள்ள அதிகமா கத்துச்சி. காயம் எவ்வளவு ஆழம்னு டாக்டர் பாக்கறதுக்கே அத்தனையும் சுரண்டி எடுக்க வேண்டியதா போச்சி. "குழாய தொறந்து 20 நிமிஷம் தண்ணிய ஓட விட்டிருந்தா போதும்மா"ன்னு நர்ஸம்மா சொன்னாங்க. குழாய்ல தண்ணி வரலன்னா குடத்துலேர்ந்து மொண்டு மொண்டு ஊத்தணும், ஐஸ் வைக்கக்கூடாது, கொப்புளத்த உடைக்கக்கூடாது, சுத்தமான துணியால லேசா மூடி கூட்டிட்டு வரணும், அவ்ளோதானாம். எங்க வீட்டுல அன்னிக்கி ரெண்டு குடம் நிறைய தண்ணி இருந்துச்சி ஐயா.

நீங்க எழுதுனா சரியா இருக்கும்னு நம்புற ஜனங்க நாங்க. 2011ல தானே புயல் அடிச்சி கரண்ட் இல்லாம கெடந்தப்ப உங்க பேப்பர பாத்துதான் ஊர் நெலவரமே தெரிஞ்சிகிட்டோம். அந்தப் புயல்ல பறந்த தகரம் கிழிச்சி எங்க தெருக்காரர் ஒருத்தருக்கு முழங்கை பொளந்துடுச்சி, எல்லாரும் காப்பித்தூள அள்ளி அப்புனாங்க. துணிய மடிச்சி வெச்சி விடாம அழுத்திப் புடிச்சிருந்தாலே ரத்தம் நின்னிருக்கும், கடைசியில புண்ணு சீழ் வெச்சி ரெண்டு மாசம் வேலைக்குப் போவாம கெடந்தாரு.

எங்க வீட்டுக்காரர் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. கண்டக்டர் லைசென்ஸுக்கு முதலுதவி சர்டிபிகேட் வேணும்னு உங்களுக்குத் தெரியாததில்ல. ஒரு நாள் ஓடுற பஸ்ல ஒரு பையனுக்கு வலிப்பு வந்துடுச்சி, ஆளாளுக்கு சாவிக்கொத்த கையில திணிக்கிறாங்க, ஒருத்தர் வாயில ஸ்பூன விட்டு பல்லத் தொறக்கப் பாக்கறாரு. இவரு எல்லாரையும் வெலக்கிவிட்டு ஒருக்களிச்சி படுக்கவெச்சி சட்டைக் காலர தளத்திவிட்டாரு, கொஞ்ச நேரத்துல பையன் கண்ணத் தொறந்துட்டான். ஆனா அந்த பஸ்ல முதலுதவிப் பெட்டின்னு இருந்ததுல கிழிஞ்ச டிக்கெட் புக்கும் ஒரு சீப்பும்தான் கெடந்துச்சி. இதப்பத்தி அப்பவே உங்களுக்கு லெட்டர் எழுதுனேன், போடல. இடமில்லாம இருந்திருக்கும், ஆனா பேஸ்ட் தடவ மட்டும் இடம் கெடைச்சிடுச்சேன்னு மனசு கேக்குது.

பாட்டி வைத்தியமே தப்புன்னு நான் சொல்லல. தேவனாம்பட்டினத்துல கெளுத்தி முள்ளு குத்துனா பொறுக்குற சூட்டுல வெந்நீர் வெச்சி கையை அதுல முக்கச் சொல்லுவாங்க, அது சரியான வைத்தியம்னு டாக்டருங்களே சொல்றாங்க, அந்த விஷம் சூட்டுல வீரியம் போயிடும். பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற பொம்பளைங்க கையில சாம்பல தடவிகிட்டுதான் உக்காருவாங்க, எங்கம்மாவும் அப்படித்தான், இல்லன்னா அந்தத் தோல் எண்ணெய் பட்டு கை வெந்து தோலு உரிஞ்சிடும். ஆனா நாய் கடிச்சா சுண்ணாம்பு, மொளகாத்தூள்னு வெக்கிறாங்களே, அதுவும் பாட்டி வைத்தியம்னுதான் சொல்றாங்க. சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஊசி போடப் போகணும், வெறிநோய் வந்துட்டா அப்புறம் காப்பாத்த முடியாது. எது சரி எது தப்புன்னு விசாரிச்சி போடறதுக்குத்தான ஐயா நீங்க இருக்கீங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை அதே பக்கத்துல, அதே எழுத்து சைஸுல, பேஸ்ட் தடவக்கூடாது, 20 நிமிஷம் தண்ணி ஊத்துங்க, பெரிய காயம்னா 108க்கு போன் பண்ணுங்கன்னு போடுங்க. மூலையில சின்னதா போட்டா எங்க தெருவுல யாரும் படிக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கடலூர் முதுநகர்