செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26 (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

தீபாவளி, பொங்கல், தைப்பூசக் காவடி மூன்றும் குறையில்லாமல் நடந்தன. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடர்கிறது. இன்னும் ஓர் ஆசிரியர் தேவை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். திரைப்படக் காட்சிகளைப் பற்றித்தான் நான் கொஞ்சம் நீட்டிப் பேசவேண்டும். வகுப்புச் செலவில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது.

சென்ற ஆண்டு சூர்யாவின் 'ரெட்ரோ' மே 1 அன்று வந்தது. தொழிலாளர் தினம், தமிழ்நாட்டிலும் விடுமுறை, இங்கும் விடுமுறை. தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை வந்தார்கள். ரஜினிகாந்தின் 'கூலி' ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை வந்தது. இந்தியாவில் மறுநாள் சுதந்திர தினம், அப்புறம் சனி, ஞாயிறு. நமக்கோ வியாழனும் வேலை நாள், வெள்ளியும் வேலை நாள். ஞாயிற்றுக்கிழமைதான் காட்சி வைக்க முடிந்தது. அதற்குள் பாதிப் பேருக்கு போனிலேயே கதை தெரிந்துவிட்டது. இந்தியத் தணிக்கையில் 'ஏ' சான்று என்ற செய்தியும் பரவி, பிள்ளைகள் உள்ள வீடுகள் பின்வாங்கின. ரஜினி திரைக்கு வந்து ஐம்பது ஆண்டு நிறைந்த நேரத்துப் படத்துக்குக் காலி இருக்கைகள் என்பது எனக்கு வருத்தம்தான்.

பொங்கலுக்கு 'ஜன நாயகன்' ஜனவரி 9 என்று நம்பி அரங்குக்கு முன்பணம் கட்டினோம். தணிக்கைச் சிக்கலில் படம் தள்ளிப்போனது. பணம் திரும்பி வந்தது, நல்லவேளை. இனிமேல் சான்று கிடைத்த செய்தி வந்த பிறகே முன்பணம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

இனி வரும் சீசன். கோடை வெளியீடு என்று விளம்பரம் வரும்போது இங்கே குளிரில் நாம் போர்வையைத் தேடிக்கொண்டிருப்போம். தமிழ்நாட்டில் ஏப்ரல், மே பள்ளி விடுமுறையைக் கணக்கிட்டுப் படம் விடுகிறார்கள். அமெரிக்காவில் மே முதல் ஆகஸ்ட் வரை. 1975 ஜூன் 20 அன்று வந்த சுறாப் படமான 'ஜாஸ்' வசூலுக்குப் பிறகு வேரூன்றிய பழக்கம் அது. (1952இலேயே கடலில் சுறா வலை கட்டிய ஊர் நம்முடையது. அந்தப் படத்தைப் பார்த்துப் பயப்பட நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.) அவர்கள் நாட்காட்டியை நாம் மாற்ற முடியாது. நம் விடுமுறையோடு ஒத்துவரும் படத்தைப் பிடிக்கலாம்.

நமக்கு ஜூன் கடைசியில் பள்ளி மூடி ஜூலை மூன்றாம் வாரத்துக்குப் பின் திறக்கும். கிறிஸ்டோபர் நோலனின் 'தி ஒடிஸி'க்கு ஜூலை 17 என்று அறிவித்திருக்கிறார்கள். விடுமுறையின் கடைசி வார இறுதி, சரியாகப் பொருந்துகிறது. புதிய ஸ்பைடர்மேன் ஜூலை 31, பள்ளி திறந்துவிடும். 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' முதலில் மே 1 என்றிருந்து டிசம்பர் 18க்குப் போய்விட்டது, அதாவது நம்முடைய அசல் கோடைக்கு. இளைஞர் அணி இப்போதே குதிக்கிறது. ஆனால் அந்த வாரம் ஜோகன்னஸ்பர்க்கே விடுமுறைக்கு நம் கடற்கரையில் இருக்கும். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம் என்பது என் கருத்து.

மே 1 இந்த ஆண்டு வெள்ளிக்கிழமை. அந்த மூன்று நாளில் எந்தப் பெரிய தமிழ்ப் படம் வந்தாலும் எடுத்துவிடலாம். ஒரே நிபந்தனை, ஆங்கில வசன வரிகள் இருக்கவேண்டும். நம் பிள்ளைகளில் பலர் தமிழைக் கேட்டுப் பாதிதான் புரிந்துகொள்கிறார்கள். வரிகள் இல்லாத காட்சிக்கு அவர்களை இழுத்து வந்தால் அடுத்த முறை வரமாட்டார்கள்.

டிக்கெட் வேண்டுவோர் ஏப்ரல் நடுவுக்குள் பெயர் கொடுங்கள். பணம் கட்டாத பெயர் பட்டியலில் ஏறாது. சென்ற முறை போல வாசலில் வந்து, "அக்கா, இன்னும் நாலு சீட்" என்று கேட்டால் என்னிடம் இருக்காது.

வணக்கத்துடன்,
செயலாளர்